பேச்சும் நடையும் தாமதமாகும்போது: மரபணுக்களை ஏன் தேடுகிறோம்?

வளர்ச்சி தாமதமான குழந்தையுடன் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் குடும்பங்கள் இரண்டு கேள்விகளைக் கொண்டுவருகின்றன. குழந்தைக்கு என்ன செய்கிறது என்பது முதலாவது. அதை வாய்விட்டுக் கேட்டுவிடுகிறார்கள். யாரால் இப்படி ஆயிற்று என்பது இரண்டாவது. அதைத் தாய் பெரும்பாலும் கேட்பதில்லை. வீட்டில் அதற்கு ஏற்கெனவே ஒரு விடை சொல்லப்பட்டிருக்கும். கிரகணத்தன்று வெளியே வந்தாள், சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை, அவள் பிறந்த வீட்டு வழியில் இப்படி ஒரு பிள்ளை இருந்தது என்று ஏதோ ஒன்று. சொந்தத்தில் மணம் முடித்த தம்பதியரானால் பழி இருவர் தலையிலும் விழும். குழந்தை வளர்ச்சியைப் பாதிக்கும் மரபணுக்களைத் தேடும் பணியைப் பற்றி இவ்விதழில் எழுத நாங்கள் தீர்மானித்ததற்கு அந்த இரண்டாவது கேள்வியே முதற்காரணம்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வளர்ச்சித் தாமதம் அனைத்தும் மரபணுவால் வருவதன்று. குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் அழாமல் மூச்சுத் திணறிய நிலை, கவனிக்கப்படாமல் முற்றிய மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், கடுமையான ஊட்டக்குறைவு ஆகியவையும் காரணங்களாகலாம். ஆகவே மணிமுத்தாறு, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பகுதிகளிலிருந்தும் மலைமேல் மாஞ்சோலையிலிருந்தும் வரும் எந்தக் குழந்தைக்கும் பிரசவ விவரத்தையே நாங்கள் முதலில் கேட்கிறோம். மரபணுவின் முறை பிறகுதான் வரும். நான்கு மாதத்தில் கழுத்து நிற்கவில்லை, ஒன்பது மாதத்தில் தனியே உட்காரவில்லை, பதினெட்டு மாதத்தில் நடக்கவில்லை, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். "அவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்" என்று ஆச்சிமார் சொல்லும் ஆறுதலால் இழந்த மாதங்கள் மிகப் பல.

தலைமடையும் கடைமடையும்

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் 46 குரோமோசோம்கள் உள்ளன. பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வந்தவை. ஒருவரிடமிருந்து வரும் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளாலான டி.என்.ஏ. அடங்கியிருக்கிறது. அதன் இடையிடையே புரதங்களை உண்டாக்கும் சுமார் 20,000 மரபணுக்கள் அமைந்துள்ளன. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. கருவில் மூளை உருவாவதற்கு இவற்றுள் பல ஆயிரம் மரபணுக்கள் உரிய காலத்தில் இயங்கி, உரிய காலத்தில் அடங்க வேண்டும்.

நம் பகுதி வாசகர்களுக்கு இதை அணைக்கட்டைக் கொண்டு விளக்குவது எளிது. அணையிலிருந்து புறப்படும் நீர் பெரிய கால்வாய் வழியே வந்து, சிறு வாய்க்கால்களாகப் பிரிந்து, கடைசியில் ஒரு வயலின் வரப்போர மடையை அடைகிறது. தலைமடையில் அடைப்பு ஏற்பட்டால் பாசனப் பரப்பு முழுவதும் காயும். கடைமடையில் ஒரு பிடி மண் விழுந்தால் ஒரு வயலுக்கு மட்டும் நீர் சற்றுக் குறையும். ஒரே மரபணுவில் ஏற்படும் ஓர் எழுத்துப் பிழை குழந்தையின் வளர்ச்சியை முழுவதுமாகத் தடுப்பது முதல் வகை. உயரம், சுறுசுறுப்பு, படிப்பில் நாட்டம் போன்றவை இரண்டாம் வகை. ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள் ஒவ்வொன்றும் ஒரு துளி பங்களிக்க, உணவும் வீடும் பள்ளியும் மீதியைத் தீர்மானிக்கின்றன. மருத்துவத்துக்கு உடனடியாகப் பயன்படும் தேடல் முதல் வகையைப் பற்றியது.

அந்தத் தேடல் நீண்ட வரலாறு உடையது. 1959இல் டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளிடம் 21ஆம் குரோமோசோம் கூடுதலாக ஒன்று இருப்பதைப் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தே கண்டறியக்கூடிய பெரிய மாற்றம் அது. தனி மரபணுவைக் கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. ஆண் பிள்ளைகளிடம் அறிவுத்திறன் குறைபாட்டுக்கு முக்கியக் காரணமான 'ஃபிராஜைல் எக்ஸ்' நிலையின் மரபணு 1991இல்தான் கிடைத்தது. நன்றாக வளர்ந்துவந்த பெண் குழந்தை ஒன்றரை வயதளவில் பேச்சையும் கையின் திறனையும் இழக்கும் ரெட் நோய்க்குறியின் மரபணு 1999இல் கிடைத்தது.

நம் குடும்பங்கள் தந்த விடை

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஓரிடம் உண்டு. அதை நம் மக்கள் அதிகம் அறியவில்லை என்பது எங்களுக்கு வருத்தமே.

1987இல் எரிக் லேண்டர், டேவிட் பாட்ஸ்டீன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் ஒரு வழியை முன்வைத்தார்கள். அத்தை மகனை மணந்த பெண்ணை எண்ணிக்கொள்வோம். கணவனுக்கும் மனைவிக்கும் தாத்தாவும் ஆச்சியும் பொது. தாத்தாவிடம் ஒரு மரபணுவில் ஒரு பிழை இருந்தது. மற்றப் பிரதி நன்றாக இருந்ததால் அவருக்கு எந்தக் கேடும் இல்லை. அந்தப் பிழை ஒரு பக்கம் மகன் வழியாகவும், மறுபக்கம் மகள் வழியாகவும் இறங்கிப் பேரப்பிள்ளைகள் இருவரையும் அடைகிறது. அவர்கள் மணந்து பெறும் குழந்தைக்கு இரு புறமிருந்தும் அதே பிழை வந்து சேர்ந்தால், நல்ல பிரதி என்று ஒன்று இல்லாமற் போகிறது, நோய் வெளிப்படுகிறது. பிழை மட்டும் தனியே வருவதில்லை. அதைச் சுற்றியுள்ள நீண்ட டி.என்.ஏ. துண்டும் இருபுறமும் ஒரே வடிவில் வந்து சேர்கிறது. ஆகவே பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் இரு பிரதிகளும் அச்சுப் பிசகாமல் ஒத்திருக்கும் துண்டைத் தேடினால், மரபணு அதற்குள் ஒளிந்திருக்கும்.

சென்னைப் பல்கலைக்கழக மரபியல் ஆய்வாளர்கள் சி.ஆர். ஸ்ரீகுமாரி ஸ்ரீசைலபதியும் அ. ரமேஷும் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகக் குழுவுடன் சேர்ந்து, பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகள் உள்ள உறவுத் திருமணக் குடும்பங்களை இவ்வழியில் ஆராய்ந்தார்கள். 1995இல் வெளிவந்த கட்டுரைகளில் காதுகேளாமைக்குரிய புதிய இடங்கள் 3ஆம் குரோமோசோமிலும் 14ஆம் குரோமோசோமிலும் குறிக்கப்பட்டன. 3ஆம் குரோமோசோமின் அந்த இடத்தில் இருந்த மரபணு டி.எம்.ஐ.இ. என்பது 2002இல் தெளிவாயிற்று. ஒரு சிறிய குடும்பம், மூன்று பிள்ளைகள், சில மில்லிலிட்டர் இரத்தம். உலகம் முழுவதும் இன்று பயன்படும் பரிசோதனைப் பட்டியலில் ஒரு மரபணு அதனால் சேர்ந்திருக்கிறது.

காது கேளாமையை வளர்ச்சிக் கட்டுரையில் ஏன் சேர்க்கிறோம் என்று சிலர் எண்ணக்கூடும். கேளாத குழந்தை பேசுவதில்லை. பேசாத குழந்தையை 'மந்தம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். அறிவில் எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகள் அவ்வாறு ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள். அதனால்தான் பேச்சு வராத ஒவ்வொரு குழந்தைக்கும் செவிப் பரிசோதனையை வேறெதற்கும் முன்பாகச் செய்கிறோம். இந்தியக் குழந்தைகளின் பிறவிக் காதுகேளாமைக்கு அறியப்பட்ட காரணங்களுள் முக்கியமானது ஜி.ஜே.பி.2 என்ற மரபணு. அதில் நம் நாட்டில் அதிகம் காணப்படும் ஒரு குறிப்பிட்ட பிழை, பல தலைமுறைகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது மூதாதையரிடமிருந்து பரவியதற்கான தடயங்கள் உண்டு. இம்மரபணுவால் பாதிக்கப்படுவது உட்செவியே. செவி நரம்பு நன்றாகவே இருக்கும். எனவே காக்ளியர் கருவி பொருத்தினால் பொதுவாக நல்ல பலன் கிடைக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் இச்சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் ஆறு வயதுவரை பொறுக்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. இரண்டு வயதுக்குள் பொருத்தப்பட்ட குழந்தையின் பேச்சும், ஐந்து வயதில் பொருத்தப்பட்ட குழந்தையின் பேச்சும் ஒன்றாக இருப்பதில்லை.

வடநாட்டிலிருந்து மற்றொரு எடுத்துக்காட்டு. தலை வழக்கத்தைவிடப் பெரிதாகி, நடை தாமதமாகி, பின்னர் வலிப்பும் கால் இறுக்கமும் வரும் ஒரு மூளை நோய் அகர்வால் சமூகக் குழந்தைகளிடம் அதிகமாக இருப்பதை மும்பை நரம்பியல் மருத்துவர் பீம் சிங்கால் குழுவினர் 1990களில் எழுதினார்கள். அதன் மரபணு எம்.எல்.சி.1 என்பது 2001இல் ஐரோப்பிய ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. அச்சமூகக் குழந்தைகளிடம் பெரும்பாலும் ஒரே பிழையே இருந்தது. எந்த மூலையில் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டதால், அங்கே இன்று மரபணுத்தொகுதி முழுவதையும் வாசிக்க வேண்டியதில்லை. அந்த ஓரிடத்தைப் பார்க்கும் எளிய, செலவு குறைந்த பரிசோதனை போதும்.

சொந்தத்தில் முடித்தது குற்றமா?

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. ஆகவே இக்கேள்வி நம் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு எழுகிறது.

எந்தத் தம்பதியருக்கும், உறவே இல்லாதவர்களுக்கும்கூட, 100 குழந்தைகளில் இரண்டு அல்லது மூன்று குழந்தைகளுக்குக் குறிப்பிடத்தக்க பிறவிக் குறைபாடு இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் இதனுடன் ஏறத்தாழ மேலும் இரண்டு அல்லது மூன்று சேர்கிறது. அதாவது சுமார் 95 குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள். தாய்மாமன் அக்காள் மகளை மணக்கும்போது உறவின் நெருக்கம் இருமடங்கு. அதற்கேற்ப ஆபத்தும் மிகுதி. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பி.எஸ்.எஸ். ராவும் எஸ்.ஜி. இன்பராஜும் 1970களில் தமிழ்நாட்டில் நடத்திய பெரிய ஆய்வுகளில், உறவுத் திருமணக் குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையே எதிர்பார்த்த அளவு வேறுபாடு தென்படவில்லை. எனினும் அன்று மருத்துவக் கண்ணுக்குப் புலப்படாத அரிய மரபணு நோய்களை இன்று ஒவ்வொன்றாகக் கண்டறிகிறோம். அவற்றுள் ஒரு பகுதி உறவுத் திருமணத்தோடு தெளிவாகத் தொடர்புடையது. எங்கள் கருத்து இதுதான்: இனி நடக்கவிருக்கும் திருமணங்களில் நெருங்கிய உறவைத் தவிர்ப்பது நல்லது, குறிப்பாக மாமன்–அக்காள் மகள் உறவை. நடந்து முடிந்த திருமணத்தை நோய்க்குக் காரணமாக்கிக் கணவன் மனைவியைத் துன்புறுத்துவதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

அதேபோல, உறவுக்குள் முடிக்காதவர்கள் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடவும் முடியாது. ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் பங்கேற்ற குழு 2017இல் தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்தது. அவற்றுள் 81 சமூகங்கள் மிகச் சிலராகிய மூதாதையரிடமிருந்து தோன்றி, தமக்குள்ளேயே மணந்து பெருகியவை என்று தெரிந்தது. ஒரே சாதிக்குள் தூரத்து ஊரில் பெண் எடுத்தாலும், பத்துப் பதினைந்து தலைமுறைக்கு முந்தைய பொது மூதாதையரின் பிழை இரு புறமும் இருக்கக்கூடும்.

இன்னொரு வகை நோய்க்கு எந்த முன்னோரும் பொறுப்பில்லை. ஒவ்வொரு குழந்தையும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத 60, 70 புதிய எழுத்து மாற்றங்களுடன் பிறக்கிறது. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது படியெடுப்பில் நேரும் தவறுகள் இவை. பெரும்பாலானவை எதுவும் செய்வதில்லை. எப்போதாவது ஒன்று முக்கியமான மரபணுவில் விழுந்துவிடுகிறது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகள் உள்ள 13,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை ஆராய்ந்த பெருந்திட்டத்தின் முடிவு 2023இல் வெளியாயிற்று. 41 விழுக்காட்டினருக்குக் காரணம் கிடைத்தது. அவ்வாறு கிடைத்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவரிடம் இருந்தது இத்தகைய புதிய மாற்றமே. அதே திட்டத்தின் தரவுகளைக் கொண்டு 2018இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இருபுறமும் பிழை வந்து சேர்வதால் உண்டாகும் நோய்கள் ஐரோப்பிய வம்சாவளிக் குழந்தைகளிடம் 3.6 விழுக்காடு என்றும், உறவுத் திருமணம் மிகுந்த பாகிஸ்தானிய வம்சாவளிக் குழந்தைகளிடம் 31 விழுக்காடு என்றும் கணித்தது. நம் குடும்பங்களுக்கு இரு கணக்குகளும் பொருந்தும்.

எந்த வகை என்று அறிவது வெறும் ஆர்வத்துக்காக அன்று. இரு பெற்றோரிடமிருந்தும் வந்த பிழையானால் அடுத்த கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. கருவுற்ற 11ஆம் வாரம் முதல் பரிசோதித்துப் பார்க்க வழியும் உண்டு. புதிதாக நேர்ந்த மாற்றமானால் மீண்டும் வரும் வாய்ப்பு பொதுவாக நூற்றில் ஒன்றளவே. காரணம் தெரியாமல், பயத்தால் மட்டுமே அடுத்த குழந்தையைத் தவிர்த்துவிட்ட தம்பதியர் உண்டு. அவர்களுள் சிலருக்குப் பின்னர் கிடைத்த விடை இந்த இரண்டாம் வகையாக இருந்தது.

பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

இன்று அதிகம் எழுதப்படுவது எக்சோம் பரிசோதனை. 20,000 மரபணுக்களின் புரதம் ஆக்கும் பகுதிகளை ஒரே முறையில் வாசிப்பது அது. குழந்தையோடு தாய் தந்தையின் இரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் எல்லாவற்றையும் அது காட்டிவிடாது. ஃபிராஜைல் எக்ஸ் வழக்கமான எக்சோமில் தப்பிவிடும். அதற்குத் தனிச் சோதனை வேண்டும். ஆகவே "இருப்பதிலேயே பெரிய டெஸ்டை எழுதிவிடுங்கள் டாக்டர்" என்று கேட்பவர்களிடம் சற்றுப் பொறுக்கச் சொல்கிறோம். குழந்தையை நன்றாகப் பார்த்து, தலையின் சுற்றளவை அளந்து, வம்சவழிப் படம் வரைந்த பிறகே எந்தச் சோதனை என்று முடிவு செய்ய வேண்டும். பல ஆயிரம் ரூபாய் செலவுள்ள விஷயம் இது. நகையை அடகு வைத்துச் செய்த சோதனை தவறானதாக இருந்துவிடக் கூடாது.

அறிக்கையில் மூன்றாவது வகை விடை ஒன்று வருவதுண்டு: மாற்றம் இருக்கிறது, அதன் பொருள் தெளிவாகவில்லை. பெற்றோரை அதிகம் குழப்புவது இதுவே. நீண்ட காலமாக ஒப்பீட்டுக்குப் பயன்பட்ட தரவுகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி. தாமிரபரணிக் கரையில் நூற்றுக்கு இருவரிடம் சாதாரணமாக இருக்கும் ஒரு மாற்றம், அந்தத் தரவில் இல்லாததால் அரியதாகவும் ஐயத்துக்குரியதாகவும் தோன்றும். இக்குறையைப் போக்கவே 'ஜீனோம் இந்தியா' திட்டம் நாடெங்கும் 80க்கும் மேற்பட்ட சமூகங்களிலிருந்து ஏறத்தாழ 10,000 பேரின் மரபணுத்தொகுதியை வாசித்தது. 2025 ஜனவரியில் அத்தரவு ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று பொருள் தெரியாத அறிக்கை இரண்டு மூன்று ஆண்டுகளில் பொருள் தரக்கூடும். எனவே அதைக் கிழித்தெறிய வேண்டாம். அதை நம்பி எந்த முடிவும் எடுக்கவும் வேண்டாம்.

விடை கிடைத்தால் மருந்து கிடைக்குமா? பல நேரங்களில் இல்லை என்பதே உண்மை. சிலவற்றில் உண்டு, அவற்றைத் தவறவிடுவதுதான் கொடுமை. பிறவித் தைராய்டு குறைபாடு சுமார் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கிறது. பிறந்த சில நாள்களில் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்டறிந்து இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால், குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே படிக்கும். மாதங்கள் கடந்துவிட்டால் இழந்த அறிவுத்திறன் முழுமையாகத் திரும்பாது. பயோட்டினிடேஸ் குறைபாட்டுக்கு ஒரு வைட்டமின் போதும். எந்த வலிப்பு மருந்துக்கும் அடங்காத சில குழந்தைகளின் வலிப்பு பிரிடாக்சின் என்ற மற்றொரு வைட்டமினுக்கு அடங்குகிறது. மருந்தில்லாத நோய்களிலும், பெயர் தெரிந்தபின் இதயத்தையோ சிறுநீரகத்தையோ கண்ணையோ எப்போது பார்க்க வேண்டும் என்று தெரியும்; ஊர் ஊராக, கோயில் கோயிலாக, ஸ்கேன் ஸ்கேனாக அலைவது நிற்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குழந்தையின் உமிழ்நீரைக் கொண்டு அது இசையில் சிறக்குமா, கணக்கில் சிறக்குமா என்று சொல்வதாகச் சில விளம்பரங்கள் வருகின்றன. 30 லட்சம் பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, கல்வியில் செலவிடும் ஆண்டுகளோடு தொடர்புடைய 3,952 இடங்களைக் கண்டது. அந்தத் தேடலின் முழுப் பயனையும் ஒன்றுதிரட்டிய பின்னும், மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் 12 முதல் 16 விழுக்காட்டைத்தான் விளக்க முடிந்தது. ஒரு தனிக் குழந்தையின் எதிர்காலத்தை அதிலிருந்து சொல்வது கிளி சோதிடத்துக்குச் சற்றே மேலானது. கட்டணம் மட்டும் பல மடங்கு. அந்தப் பணத்துக்குக் கதைப் புத்தகங்கள் வாங்கிக் கொடுக்கலாம்.

தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் மருத்துவக் குழு, தாமதம் தெரியும் குழந்தைகளை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பிவைக்கும். அங்கே பயிற்சிகள் இலவசம். மரபணுச் சோதனையின் முடிவுக்காகப் பயிற்சியை நிறுத்திவைக்க வேண்டாம். முடிவு வரப் பல வாரங்களாகும், மூளை அதுவரை காத்திராது. அரிய நோய் உறுதியானால், 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையின்படி உதவி பெறச் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும், மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்து எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் சிறப்பு மையங்களாக உள்ளன.

எங்களிடம் முதன்முறை வரும்போது தாய்-சேய் நல அட்டை, பிரசவச் சீட்டு, பழைய ஸ்கேன் படங்கள் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். குழந்தை நடப்பதையும் பேச முயல்வதையும் கைபேசியில் படம் பிடித்திருந்தால் மிகவும் நல்லது. வலிப்பு வந்தபோது எடுத்த படமாயின் இன்னும் நல்லது. வீட்டில் மூத்தவர் எவரேனும் உடன் வரட்டும். இருபுறத்திலும் மூன்று தலைமுறையில் இறந்து பிறந்த குழந்தைகள், சிறு வயதில் இறந்தவர்கள், பேசாதவர்கள், கேளாதவர்கள் யார் யார் என்பது பெரும்பாலும் ஆச்சிக்குத்தான் தெரியும்.